அமுக்கினால் உட்காரும்

ஜூன் 2

வாயாடிக்கு,

உன் அண்ணன் கையில் ஃபோனைக் கொடுத்து, நீ அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமும் முறைத்துக்கொண்டு நிற்பதைவிட எழுதிவிடுவது மேல் என்று தோன்றியது. பேசினால் எனக்குக் குரல் ஏறும், உனக்கு வாய் நீளும். நடுவில் அவர் காதுதான் புண்ணாகிறது.

நீ புதிதாகக் கம்ப்யூட்டர் கட்டப்போகிறாய், என்னென்ன வாங்க வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னார். எழுதி அவர் மூலமாகவே அனுப்பினேன். வந்து சேர்ந்தது, சேரவில்லை என்று ஒரு வார்த்தை இல்லை. சரி, பாலிடெக்னிக்கில் ஹார்டுவேர் சொல்லிக்கொடுக்கிற அண்ணிக்கு அந்தக் காலத்து டப்பா கம்ப்யூட்டரைத் தவிர ஒன்றும் தெரியாது என்று எல்லார் முன்னாலும் சொன்னவள் நீ. பதில் எதிர்பார்த்தது என் தப்பு.

இத்துடன் ஒரு பொட்டலம். மெமரி, பதினாறு ஜிபி இரண்டு. எங்கள் வீட்டுக்கென்று வாங்கிப் பிரிக்காமலே வைத்திருந்தேன். நான் எழுதித் தந்த மதர்போர்டுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். போர்டில் மெமரி செருக நான்கு ஸ்லாட் இருக்கும், இரண்டாவதிலும் நான்காவதிலும் போடு. ஸ்டூடியோ வேலையை உதறிவிட்டு முதல் தடவையாக உன் பெயரில் ஒரு படம் எடிட் செய்யப்போகிறாய். அதில் என் பங்கும் கொஞ்சம் இருக்கட்டும். நன்றி கின்றி என்று எழுதி என்னைச் சங்கடப்படுத்தாதே.

அண்ணி


ஜூன் 7

அன்புள்ள அண்ணிக்கு,

நன்றி சொல்லக் கூடாது என்று தடை போட்டுவிட்டீர்கள். அப்படியானால் மன்னிப்பு மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்கு நான் பேசியது ரொம்பத் தப்பு. நாலு பேர் சிரித்துவிட்டால் இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லச் சொல்லும் என் நாக்கு. உங்கள் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். பார்த்த பிறகும் நிறுத்தவில்லை.

உங்கள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன். எல்லாம் வந்துவிட்டது. ஹாலில் கால் வைக்க இடமில்லை. ஒரு பக்கம் பெட்டி, ஒரு பக்கம் ஒயர், நடுவில் சம்மணம் போட்டு நான். ப்ராசசரை நானே பொருத்திவிட்டேன். ஆனால் மெமரி மட்டும் உட்கார மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. ஒரு ஓரம் இறங்கினால் மறு ஓரம் தூக்கிக்கொள்கிறது. திருப்பிப் போட்டாலும் அதே கதைதான்.

படம் ஒரு மருத்துவமனைக்கு. நர்ஸ் பயிற்சிக்கு வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டுவதற்காக. ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்தபோது 'ஒரு மாசத்துல திரும்பி வந்துடுவீங்க' என்று மேனேஜர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. இதை ஒழுங்காக முடித்துக் கொடுத்தாக வேண்டும். என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

வாயாடி


ஜூன் 9

வாயாடிக்கு,

அமுக்கு.

வேறொன்றும் இல்லை. உடைந்துவிடுமோ என்று பயந்தே பாதிப் பிள்ளைகள் அரைகுறையாகச் செருகிவிட்டு, மெஷின் ஓடவில்லை என்று வந்து நிற்பார்கள். இரண்டு கட்டைவிரலையும் இரண்டு ஓரத்தில் வை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராக ஒரே அமுக்கு. டக்கென்று சத்தம் வரும், ஓரத்தில் இருக்கும் கொக்கி தானாக மூடிக்கொள்ளும். அது முட்டை இல்லை, பயப்படாதே. அமுக்கினால் உட்காரும்.

நீ மன்னிப்புக் கேட்டதை உன் அண்ணனிடம் காட்டினேன். கண்ணை இரண்டு தடவை துடைத்துக்கொண்டு படித்தார். என்னிடம் வந்து கேட்டாயே, எனக்கு அதுவே போதும்.

அண்ணி


ஜூன் 13

அன்புள்ள அண்ணிக்கு,

சத்தம் வந்தது. ஆனால் வர வேண்டிய சத்தம் இல்லை. ஸ்லாட்டின் நடுவில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் தடுப்பு இருக்குமே, அது முறிந்துவிட்டது. உள்ளே நாலைந்து கம்பியும் மடங்கிவிட்டது.

கவலைப்படாதீர்கள், கடையில் வேறு போர்டு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் இப்போது ஓடுகிறது. உங்கள் மெமரியைத் திருப்பி அனுப்புகிறேன், அது நன்றாகத்தான் இருக்கிறது. வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. அப்புறம் எழுதுகிறேன்.

வாயாடி


ஜூன் 15

வாயாடிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஸ்லாட் உடைந்த போர்டை எந்தக் கடைக்காரர் மாற்றித் தருவார்? கீழே போட்டு உடைத்த தட்டையே மாற்றித் தர மாட்டார்கள். அடுத்தது, கம்ப்யூட்டர் ஓடுகிறது என்றால் என் மெமரி ஏன் திரும்பி வருகிறது? போர்டு அட்டையில் என்ன போட்டிருக்கிறது, டிடிஆர்4ஆ, டிடிஆர்5ஆ? நான் அனுப்பியது பழைய ரகம், டிடிஆர்4. இரண்டுக்கும் மெமரியின் நீளம் ஒன்றுதான். அடியில் ஒரு வெட்டு இருக்கும், அது மட்டும் இடம் மாறியிருக்கும். அந்த வெட்டும் ஸ்லாட்டின் தடுப்பும் நேருக்கு நேர் வராவிட்டால் எந்த ராஜா வந்து அமுக்கினாலும் உட்காராது.

இதை நான் உன்னிடம் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் அமுக்கு என்று எழுதிவிட்டேன். மறைக்காமல் எழுது.

அண்ணி


ஜூன் 18

அன்புள்ள அண்ணிக்கு,

இதை எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து போனேன். அதன் பலனாகச் சமையலறையில் கழுவாத பாத்திரம் ஒன்றுகூட இல்லை.

போர்டு டிடிஆர்5. உங்கள் பட்டியலில் இருந்தது டிடிஆர்4 போர்டு. கடையில் அதைக் காட்டியபோது, இதே ப்ராசசருக்குப் புதிய போர்டு வந்திருக்கிறதே என்று விற்பனை பார்க்கிற பெண் சொன்னாள். உடனே என் புத்தியில் என்ன ஓடியது தெரியுமா? அண்ணி பழைய ஆள், பழையதைத்தான் எழுதித் தருவார் என்று. வாங்கிவிட்டேன். உங்களிடம் சொன்னால், யோசனையும் கேட்டுவிட்டு என் பேச்சை மதிக்கவில்லை என்பீர்கள். சண்டை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். அதனால் வாயை மூடிக்கொண்டேன். வாயாடி என்று பெயர், பேச வேண்டிய இடத்தில் ஊமை.

இதுவரைக்கும் அசட்டுத்தனம். இனிமேல் எழுதப்போவது அப்படி இல்லை.

அந்தக் கடையில் ஒரு பழக்கம் உண்டு. பில் போட்ட பிறகு உள்பக்கத்து மேசைக்கு அனுப்புவார்கள். அங்கே ஐம்பதைத் தாண்டிய ஒருவர் இருப்பார், தடிமனான கண்ணாடி போட்டிருப்பார். கடையில் எல்லாருக்கும் அவர் கண்ணாடிக்காரர். டப்பாவை நம் முன்னால் பிரித்து, டார்ச் அடித்து, ப்ராசசர் குழியையும் மெமரி ஸ்லாட்டையும் ஒவ்வொன்றாகக் காட்டுவார். நல்லா இருக்கு என்று நம் வாயால் சொன்னால்தான் மூடுவார். எனக்கும் காட்டினார். நான் மருத்துவமனைக்காரர்களுடன் ஃபோனில் பேசிக்கொண்டே பார்த்தேன், நல்லா இருக்கு என்றும் சொன்னேன். எந்த மெமரி போடப்போகிறீர்கள் என்றுகூடக் கேட்டார். அதெல்லாம் இருக்கிறது என்று கையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

உடைந்த போர்டோடு போனபோது உண்மையைச் சொல்லத்தான் போனேன், நம்புங்கள். நான்தான் உடைத்துவிட்டேன், ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்க. வரிசையில் நின்றால் பின்னாலிருந்து ஒரு குரல். எங்கள் ஸ்டூடியோ மேனேஜர். 'என்ன, தனியா பண்ணப்போறேன்னு போனீங்க, ஆரம்பத்துலயே ரிப்பேரா?' என்று சிரித்தார். எனக்குக் காது மடல்வரை சூடேறிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கடை முதலாளி டப்பாவைத் திறந்து, என்னம்மா இது என்றார். நான் சொன்னேன்:

'உடைஞ்சேதான் வந்துச்சு. அவர் எனக்குத் திறந்து காட்டவே இல்ல.'

கண்ணாடிக்காரர் எழுந்து வந்தார். சண்டை போடுவார், என் சாயம் வெளுக்கப்போகிறது என்று நின்றேன். அவர் ஸ்லாட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். காட்டாமல் விட்டிருக்க மாட்டேனே என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். முதலாளி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார், வரிசையில் நின்றவர்களும். அப்புறம் என் பக்கம் திரும்பி, 'மன்னிச்சுக்கங்கம்மா, எங்கயோ தவறிப்போச்சு' என்றார். என்னிடம், அண்ணி. அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

புது போர்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, அமுக்குவதற்கு முன்னால் இந்தத் தடவை அட்டையைப் படித்தேன். உங்கள் மெமரி இதற்கானது இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. அந்தக் கடைக்குப் போக முகமில்லாமல் வேறு கடையில் மெமரி வாங்கினேன். போர்டு கம்பெனியே சோதித்துப் பார்த்த மெமரிகளின் பட்டியல் அவர்கள் தளத்தில் இருக்கிறது. அதில் தேடி, ஒரே பெட்டியில் ஜோடியாக வருவதை வாங்கினேன். தனித்தனியாக வாங்கிச் சேர்த்தால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் பாதி வேலையில் மெஷின் நின்றுவிடுமாம். வைத்ததும் வெண்ணெயில் விரல் வைத்த மாதிரி இறங்கியது. எனக்குத்தான் சந்தோஷப்பட முடியவில்லை.

வாயாடி


ஜூன் 21

வாயாடிக்கு,

படித்ததும் கோபம்தான் வந்தது. போர்டை மாற்றிவிட்டேன் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது. உன் வீம்பை என்ன சொல்வது. என்னையும்தான் என்ன சொல்வது. வெட்டைப் பார்க்காமல் கையை வைக்காதே என்று வருஷம் முழுக்க வகுப்பில் கத்துகிறவள் நான். ஊருக்குத்தான் உபதேசம். நாத்தனார் வந்து யோசனை கேட்டுவிட்டாள் என்கிற பெருமையில் ஒன்றையும் விசாரிக்காமல் அமுக்கு என்று எழுதிவிட்டேன்.

நடந்தது நடந்துவிட்டது, விடு. அது பெரிய கடை, கம்பெனி அவர்களுக்கு வேறு போர்டு அனுப்பிவிடும். அந்த மனிதரை முதலாளி இரண்டு வார்த்தை சொல்லியிருப்பார், அதோடு முடிந்திருக்கும். இப்போது போய்ச் சொன்னால் உன் பெயர்தான் கெடும். உன் தொழிலில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு, படத்தை முடி. உன் அண்ணனிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

அண்ணி


ஜூன் 28

அன்புள்ள அண்ணிக்கு,

படத்தைக் கொடுத்துவிட்டேன். மருத்துவமனையில் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. இன்னும் இரண்டு படம் தருகிறார்களாம். இதை உங்களிடம் குதித்துக்கொண்டு சொல்ல வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அண்ணன் பேசினான். 'அண்ணி கரெக்டா எழுதிக் குடுத்தாளாம், நீ பெரிய மேதாவியாட்டம் வேற போர்டை வாங்கி உடச்சியாம்' என்று சிரித்தான். நீங்கள் அமுக்கச் சொன்னது அவனுக்குத் தெரியவே தெரியாது. எனக்குச் சுருக்கென்றது, ஆனாலும் நான் சொல்லவில்லை. நீங்கள் பாதியை மறைத்தீர்கள், நான் ஒரு மனிதர் முன்னால் நின்று முழுப் பொய்யே சொன்னேன். உங்களைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

நேற்று ஹார்ட் டிஸ்க் வாங்க அந்தக் கடைக்கே போனேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டால் மனசு ஆறும் என்று ஒரு சாக்கு. மேசையில் வேறொரு பெண் டார்ச் அடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரர் எங்கே என்று கேட்டேன். குடோனுக்குப் போய்விட்டாராம். முதலாளி அனுப்பவில்லை, அவரே கேட்டு வாங்கிக்கொண்டாராம். அந்தப் பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

'ஒரு போர்டைக் காட்டினாரா இல்லையான்னு அவருக்கே குழம்பிப்போச்சு மேடம். காட்டின மாதிரியே இருக்குங்கறார். ஆனா அந்தம்மா எதுக்குப் பொய் சொல்லப்போறாங்கன்னும் கேக்கறார். கண்ணு டாக்டர்கிட்ட போனார், கண்ணுல ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. அதுக்கப்புறம்தான் ரொம்ப பயந்துட்டார். அவங்கப்பாவுக்குக் கடைசி காலத்துல பெத்த பிள்ளையே யாருன்னு தெரியாம போயிடுச்சாம்.'

ஹார்ட் டிஸ்க் வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன். தன் கண்ணால் பார்த்ததை, தன் கையால் செய்ததை நம்பாமல் அந்த மனிதர் என் பேச்சை நம்பிக்கொண்டிருக்கிறார், அண்ணி. எனக்கு என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கவே கூசுகிறது.

வாயாடி


ஜூலை 1

வாயாடிக்கு,

உன் அண்ணனைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து முழுவதையும் சொன்னேன். அமுக்கு என்று எழுதியது, நீ உடைத்தது, கடையில் நடந்தது, நான் அவரிடம் பாதியைச் சொன்னது, எல்லாம். தட்டைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், 'அவளைக் கேலி பண்ணிட்டேனே, அன்னிக்கே சொல்லியிருக்கலாமே' என்றார். நான் கை கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விடு என்று எழுதினேனே, அது உனக்காக எழுதியது இல்லை. நீ போய் உண்மையைச் சொன்னால், யார் அப்படி அமுக்கச் சொன்னது என்று கேட்பார்கள். எங்கள் ஊரிலும் அந்தக் கடைக்கு ஒரு கிளை உண்டு. என்னிடம் படித்த பிள்ளைகள் அங்கே வேலை பார்க்கிறார்கள். மேடமே வெட்டைப் பார்க்காமல் அமுக்கச் சொன்னார்களாம் என்று அவர்கள் சிரிப்பது என் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. அந்த வெட்கத்துக்குப் பயந்துதான் உன்னைச் சும்மா இருக்கச் சொன்னேன். உன் பெயர் கெடும் என்றதெல்லாம் பூச்சு.

போய்ச் சொல். சனிக்கிழமை நான் பஸ் ஏறுகிறேன். என்னோடு போக வேண்டும் என்றால் காத்திரு. தாங்க முடியாவிட்டால் தனியாகப் போ. ஆனால் போ. முதலாளியிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், முதலில் அவரிடம் சொல். அவர் இன்னும் ஒரு நாள்கூட அந்தப் பயத்தோடு தூங்கப் போகக் கூடாது. நான் அமுக்கச் சொன்னதையும் சேர்த்தே சொல், என் பெயரை விழுங்கிவிடாதே.

அண்ணி


ஜூலை 4

அன்புள்ள அண்ணிக்கு,

காத்திருக்க முடியவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்த கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முதலாளியிடம் சொன்னதை முதலில் எழுதிவிடுகிறேன், அது சுலபமாகப் போய்விட்டது. கடையில் கூட்டம் இருந்தது, மெதுவாகப் பேசாமல் எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். அந்த போர்டுக்கு உண்டானதைக் கட்டிவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இனி இந்தக் கடைப் பக்கம் வராதீங்கம்மா என்றார். சரி என்றேன். கண்ணாடிக்காரர் எப்போது மேசைக்குத் திரும்பினாலும் சரி, அது அவர் இஷ்டம் என்றும் சொன்னார். நீங்கள் சனிக்கிழமை வாருங்கள், கடைக்காக இல்லை, சும்மா வாருங்கள். எனக்கு யார் தோளிலாவது சாய்ந்துகொள்ள வேண்டும் போல் இருக்கிறது.

ஆனால் அதற்கு முன்னால் குடோனுக்குத்தான் போனேன். கடைக்குப் பின்பக்கம், தகரக் கூரை, மானிட்டர் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. அவர் ஒரு பெட்டிமேல் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். ஒட்டிவிட்டு, ஒட்டினோமா என்று விரலால் தடவிப் பார்த்தார். அடுத்ததை ஒட்டிவிட்டு முந்தினதை மறுபடியும் போய்த் தடவினார். என்னைக் கண்டதும் முகம் வெளுத்துப்போனது. 'மறுபடியும் போர்டுல ஏதாச்சும்…' என்று இழுத்தார்.

வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு நேராகச் சொன்னேன்.

'நீங்க காட்டினீங்க. நான் பாத்தேன், நல்லா இருக்குன்னு சொன்னேன். வீட்ல தப்பான மெமரியை அமுக்கி நான்தான் உடைச்சேன். கடையில சொன்னது பொய்.'

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் ஒரு அடி கிட்டே வந்தார்.

'டார்ச் அடிச்சா காட்டினேன்?'

ஆமாம் என்றேன். நாலு ஸ்லாட்டையுமா என்றார். நாலையும்தான் என்றேன். அப்புறம் அவரே தயங்கித் தயங்கிச் சொல்லிக்கொண்டு போனார். நான் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தேன், தோளில் நீலப் பை இருந்தது, மெமரி எது என்று கேட்டதற்குக் கையை ஆட்டினேன். ஒவ்வொன்றுக்கும் நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். பை நீலம்தான், அண்ணி. எனக்கே அது மறந்துபோயிருந்தது.

அவர் அப்படியே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

'அப்ப எனக்கு எல்லாம் சரியாத்தான் ஞாபகம் இருந்திருக்கு' என்றார்.

நீங்கள் அமுக்கச் சொன்னதையும் சொல்ல ஆரம்பித்தேன். அவர் காதில் அது விழவில்லை. மன்னிப்புக் கேட்டேன், அதுவும் விழவில்லை. சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து வீட்டுக்குப் பேசினார். 'ஒண்ணும் இல்ல எனக்கு. நான் காட்டித்தான் இருக்கேன். அந்தம்மாவே வந்து சொல்றாங்க. நான் நல்லாத்தான் இருக்கேன், நீ அழாத' என்றார். அழாத, அழாத என்று மறுபடியும் மறுபடியும் சொன்னார். அந்தப் பக்கத்து அழுகை எனக்கே கேட்டது.

நாலு வார்த்தை திட்டு வாங்கிக்கொண்டால் பாரம் இறங்கும் என்று போனவள் நான். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பெட்டிகளுக்கு நடுவே வழி தேடி வெளியே வந்தேன்.

வாயாடி